வில்லுக்கத்தியைத் தெரிவு செய்தல்: அலகும் பிடியும்

ஒரு விவசாயக் குடும்பத்தின் கருவிகளுள் மிகச் சிறியது மடக்குக் கத்தி. நம் பெரியவர்கள் அதனை வில்லுக்கத்தி என்பார்கள். மண்வெட்டி, கோடரி, அலவாங்கு போன்றவை வேலை முடிந்ததும் மூலையில் சாத்தி வைக்கப்படுகின்றன. வில்லுக்கத்தியோ மடியிலும் சட்டைப் பையிலும் ஆளோடு கூடவே போகின்றது. 1995இல் வலிகாமத்திலிருந்தும், 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னியின் ஊர்களிலிருந்தும் மக்கள் புறப்பட்டபோது பெரிய கருவிகள் பெரும்பாலும் வீடுகளிலேயே நின்றுவிட்டன. மடியில் இருந்தவையே கூட வந்தன.

மீண்டும் தொடங்கும் குடும்பம் கையிலுள்ள சிறு பணத்தை முதலில் மண்வெட்டிக்கும் விதைக்கும் செலவிடுகின்றது. அது சரியே. கத்தியின் முறை வரும்போது, நடைபாதைக் கடையில் பளபளப்பாகத் தெரியும் ஏதோவொன்றை அவசரத்தில் வாங்கிவிடுகின்றோம். பத்து உறுப்புகள் உள்ளதென்று வாங்கிய கத்தி இரண்டு மாதத்தில் ஆட்டங் காணும். வில் தளர்ந்த கத்தி வேலையின் நடுவே விரலின் மேல் மடியும். போன பணம் போகட்டும் என்று விடலாம். வெட்டுண்ட விரலோடு களை பிடுங்கவோ பால் கறக்கவோ முடியாது. ஆகவே, எந்த வேலைக்கு எந்த அலகு, எந்தெந்த அலகுகளை ஒரே கத்தியில் சேர்ப்பது, எந்தப் பிடி நம் காலநிலைக்கு நின்று பிடிக்கும் என்பவற்றை இப்பாடத்தில் ஒழுங்காகப் பார்ப்போம்.

1. வில்லுக்கத்தியின் அமைப்பு

கையில் ஒரு வில்லுக்கத்தி இருந்தால் அதனை எடுத்து வைத்துக்கொண்டு இப்பகுதியை வாசியுங்கள்.

கத்தியின் முதுகுப் பக்கத்தில் நீளமான ஓர் உருக்குத் துண்டு தெரியும். அதுவே வில். அலகின் அடிப்பகுதி அந்த வில்லில் அழுத்திக்கொண்டு நிற்கின்றது. அலகைத் திறக்கும்போது வில் சற்று உயர்ந்து, பின் தன் இடத்தில் விழுகின்றது. 'டக்' என்ற சத்தம் அப்போதே கேட்கும். இரு பக்கமும் பித்தளை அல்லது உருக்குத் தகடுகள் உள்ளன. அவற்றின் மேல் பிடித் துண்டுகள் தறையப்பட்டுள்ளன. அலகு சுழலும் முனையில், தகட்டின் மேல் தடித்த உலோகப் பூண் ஒன்று இருக்கும். அலகைத் தாங்கும் ஆணிக்கு அந்தப் பூணே பலம் கொடுக்கின்றது.

இங்கே ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். வில் அலகைப் பிடித்து வைக்கின்றதே தவிரப் பூட்டி வைப்பதில்லை. வெட்டும் விளிம்பின் மேல் அழுத்தம் விழும்போது அலகு மேலும் திறக்கவே பார்க்கும், ஆகவே ஆபத்தில்லை. அலகின் முதுகில் அழுத்தம் விழுந்தாலோ, நுனியால் குத்தினாலோ அது மடிந்து விரலுக்கு வரும். வில்லுக்கத்தி வெட்டுவதற்குரியது, குத்துவதற்கும் கெம்புவதற்கும் உரியதன்று.

பூட்டுள்ள மடக்குக் கத்திகளும் உண்டு. பிரான்சின் சவோய் மலைநாட்டில் ஜோசப் ஓப்பினெல் என்பவர் 1890இல் செய்யத் தொடங்கிய கத்தி உலகெங்கும் பெயர்பெற்றது. ஒரே அலகு, ஒரே மரப்பிடி, அவ்வளவே. வில் இல்லை, மரத்தின் இறுக்கமே அலகைப் பிடித்து வைக்கின்றது. 1955இல் அதன் கழுத்தில் சுழலும் வளையமொன்று சேர்க்கப்பட்டது. வளையத்தைத் திருப்பினால் அலகு மடியாது. மலைநாட்டு விவசாயிகளுக்கென மலிவாகச் செய்யப்பட்ட இக்கத்தி, உறுப்புகள் குறையக் குறையப் பழுதும் குறையும் என்பதற்கு நல்ல சான்று.

2. அலகுகளும் அவற்றின் வேலைகளும்

அலகின் வடிவம் அழகுக்காக ஏற்பட்டதன்று. ஒவ்வொரு வடிவத்தின் பின்னாலும் ஒரு தொழில் இருக்கின்றது.

கூர்மூக்கு அலகு: முதுகின் முன்பகுதி சரித்து வெட்டப்பட்டதால் நுனி மெல்லியதாகவும் கூராகவும் இருக்கும். ஆங்கிலத்தில் 'கிளிப்' என்பார்கள். சாக்கின் தையலை அறுக்க, பழம் வெட்ட, மீன் துப்புரவாக்க, தோலுரிக்க இதுவே பொதுவான அலகு. நுனி மெலிந்திருப்பதால் கெம்பினால் முதலில் உடைவதும் இதுவே.

ஈட்டி அலகு: இரு பக்கமும் ஒரேயளவாக வளைந்து நடுவில் நுனி கூடும். கூர்மூக்கைவிட நுனி பலமானது. சுவிற்சர்லாந்துப் படைவீரருக்கு 1891 முதல் வழங்கப்பட்ட கத்தியின் பெரிய அலகு இவ்வகையே.

ஆட்டுக்குளம்பு அலகு: வெட்டும் விளிம்பு நேர்க்கோடாக இருக்கும், முதுகு மட்டும் முனையில் வளைந்து கீழே இறங்கும். ஆகவே கூரிய நுனி கிடையாது. கயிறு, வார், நார் போன்றவற்றை ஒரு பலகையில் வைத்து அழுத்தி வெட்டுவதற்கு இதற்கு இணையில்லை. ஆடும் படகில் வேலை செய்யும் கடலோடிகள் இதனை விரும்பியதற்குக் காரணம், தவறி விழுந்தாலும் குத்தாது என்பதே. மாட்டின் காலில் சிக்கிய கயிற்றை அறுக்கவும் இதுவே பாதுகாப்பானது.

மொட்டைமூக்கு அலகு: 'ஸ்பே' என்று பெயர். விளிம்பு முனையில் மேல்நோக்கி வளைந்திருக்கும். நுனி மழுங்கலாக இருக்கும். அமெரிக்க மாட்டுப் பண்ணைகளில் கன்றுகளுக்கு நலமடிப்பதற்கென்று வந்த அலகு இது. விலங்கு துள்ளினாலும் வேண்டாத இடத்தில் நுனி இறங்கக் கூடாது என்பதே இதன் நோக்கம். அந்த வேலையை நாம் மிருக வைத்தியரிடம் விட்டுவிடுவோம். ஆயினும், தோலைக் கிழிக்காமல் உரிப்பதற்கு இந்த வளைவு மிக உதவும்.

பேனை அலகு: இறகுப் பேனையைச் சீவுவதற்கு ஏற்பட்ட சிறிய அலகு. பேனைக்கத்தி என்ற சொல்லும் இதிலிருந்தே வந்தது. முள் எடுக்க, நூல் அறுக்க, பென்சில் சீவ ஏற்றது.

கிளிமூக்கு அலகு: உள்நோக்கி வளைந்த விளிம்பு உடையது. கொடியையும் இளங்கிளையையும் வளைவுக்குள் பிடித்துத் தன்பக்கம் இழுத்தால் வழுக்காமல் வெட்டும். கத்தரித்தலுக்கு ஏற்றது. வளைவைத் தீட்டுவது கடினம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒட்டு அலகு: அரும்பொட்டுக்கும் கிளையொட்டுக்கும் உரியது. நேரான விளிம்பு, பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டுமே தீட்டப்பட்டிருக்கும். மற்றப் பக்கம் தட்டையாக இருப்பதால் ஒட்டுமுளையின் வெட்டு மேடு பள்ளமின்றிச் சமதளமாக வரும். ஒட்டுக்கட்டையின் வெட்டோடு அது இடைவெளியின்றிப் பொருந்தினால்தான் ஒட்டுப் பிடிக்கும். பட்டையை நெம்பித் திறப்பதற்கென்று சில கத்திகளில் மழுங்கலான சிறு நாக்கொன்றும் இருக்கும்.

3. அலகுகளைச் சேர்த்தல்

அலகுகள் கூடக் கூடக் கத்தி சிறந்ததாகும் என்பது தவறான எண்ணம். இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரில் ஜோசப் றொட்ஜர்ஸ் நிறுவனத்தார் 1822இல் அந்த ஆண்டின் எண்ணுக்குச் சரியாக 1822 அலகுகள் கொண்ட ஒரு கத்தியைச் செய்தார்கள். அது கண்காட்சிக்கு நல்லது. ஒருவர் மடியில் கட்டிக்கொண்டு வயலுக்குப் போகமுடியாது.

ஒவ்வோர் அலகும் மூன்று செலவுகளைக் கொண்டு வருகின்றது: தடிப்புக் கூடும், விலை கூடும், அதே விலைக்குள் செய்யப்பட்டதாயின் தரம் குறையும். ஆகவே, "இதில் எத்தனை அலகு?" என்று கடைக்காரரிடம் கேட்பதற்கு முன், "என் வேலைக்கு எத்தனை அலகு வேண்டும்?" என்று நம்மையே கேட்கவேண்டும். உழைக்கும் மக்கள் நீண்ட காலம் பாவித்துத் தேறிய சேர்க்கைகள் சில உண்டு.

ஓரலகுக் கத்தி: அமெரிக்காவில் 'சொட்பஸ்ரர்' என்றொரு வகை உண்டு. புற்றரையை உழுது பிளக்கும் விவசாயி என்பது அதன் பொருள். அகன்ற ஒரேயோர் அலகு. பூண் கூட இல்லாத எளிய பிடி. 'பார்லோ' எனும் இன்னொரு வகை ஷெபீல்டிலிருந்து அமெரிக்கா சென்றது. அதில் ஓரலகோ ஈரலகோ இருக்கும். அதன் பூண் வழக்கத்தைவிட மிக நீளமானது. மலிவான கத்தியிலும் ஆணி தளராதிருக்க அதுவே உதவியது. கையில் பணம் குறைவாக இருந்தால் ஓரலகுக் கத்தியே நல்ல தெரிவு. முழு விலையும் ஒரே அலகின் உருக்குக்கும் ஒரே வில்லுக்கும் போகின்றது.

ஈரலகுக் கத்தி: 'ட்ரப்பர்' எனும் வகையில் நீளமான கூர்மூக்கு அலகும் அதேயளவு நீளமான மொட்டைமூக்கு அலகும் ஒரே முனையிலிருந்து திறக்கும். பொறிவைத்து விலங்கு பிடிப்போருக்காக ஏற்பட்ட சேர்க்கை இது: ஒன்று கீறுவதற்கு, மற்றது தோலுரிப்பதற்கு. பெரிய கூர்மூக்கோடு சிறிய பேனை அலகு சேர்ந்த கத்தி வீட்டுக்கும் தோட்டத்துக்கும் பொதுவானது.

மூவலகுக் கத்தி: அமெரிக்க மாடு வளர்ப்போர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து விரும்பி வைத்திருக்கும் 'ஸ்ரொக்மன்' கத்தியில் கூர்மூக்கு, ஆட்டுக்குளம்பு, மொட்டைமூக்கு ஆகிய மூன்றும் உண்டு. மடித்தால் 3¼ முதல் 4 அங்குலம் வரை நீளமிருக்கும். மூன்று அலகுகளும் பெரும்பாலும் இரண்டு விற்களில் இயங்குவதால், ஒன்றையொன்று உரசாமல் மடிவதற்காக அலகுகளைச் சற்று வளைத்து அமைப்பார்கள். செய்நேர்த்தி குறைந்தால் முதலில் கெடுவது இந்த இடமே.

பல அலகுகளின் உண்மையான பயன் ஒன்று உண்டு. அது வேலைப் பிரிவு. ஒரே அலகால் உரப்பையையும் வெட்டி, மண்பட்ட கயிற்றையும் அறுத்து, பின் அதே அலகால் மாம்பழத்தையும் சீவி, ஒட்டும் கட்ட முடியுமா? முடியாது. பழகிய கைகள் ஓர் அலகைத் துப்புரவான வேலைக்கும் இன்னொன்றை அழுக்கு வேலைக்கும் ஒதுக்கி வைக்கும். ஆட்டுக்குளம்பு அலகு கயிற்றுக்கும் பைக்கும். கூர்மூக்கு அலகு பழத்துக்கும் காய்கறிக்கும். இந்த ஒழுங்கைக் கடைப்பிடித்தால் ஓர் அலகாவது எப்போதும் கூராக இருக்கும்.

நோயும் கத்தியோடு பயணம் செய்கின்றது. புகையிலை, தக்காளி, மிளகாய் ஆகியவற்றைத் தாக்கும் புகையிலைத் தேமல் வைரசு கையாலும் கத்தியாலும் ஒரு செடியிலிருந்து மறு செடிக்குப் போகும். எலுமிச்சை, தோடை போன்றவற்றின் பட்டையை உரியச் செய்யும் எக்சொகோட்டிஸ் எனும் நோயும் ஒட்டுக் கத்தியால் பரவும். அலகை நெருப்பில் காட்டுவது இந்நோய்க்குப் போதாது. வீட்டில் பாவிக்கும் வெளிற்றும் திரவத்தில் 1 பங்கோடு 9 பங்கு நீர் கலந்து, அலகை அதில் தோய்த்து, பின் நல்ல நீரில் கழுவித் துடைக்கவேண்டும். அத்திரவம் உருக்கை அரிப்பதால் கழுவாமல் விடலாகாது. நாற்றுமேடை வைத்து ஒட்டுக்கன்று விற்று வருமானம் தேட நினைப்போர், வில்லுக்கத்தியில் ஒட்டு அலகைச் சேர்க்காமல் அதற்கெனத் தனிக் கத்தியே வைத்துக்கொள்வது நல்லது.

4. அலகின் உருக்கு

கடையில் இரு வகை உருக்குகளைக் காண்பீர்கள்.

காபன் உருக்கு: நூற்றுக்கு ஏறக்குறைய 1 பங்கு காபன் உள்ள உருக்கு கத்திக்கு நெடுங்காலமாகப் பாவிக்கப்பட்டு வருகின்றது. சாதாரண தீட்டுக்கல்லில் விரைவில் கூராகும். குறை என்னவெனில் துருப்பிடிக்கும். பழச்சாறு பட்டால் கறுக்கும். சாம்பல் நிறமான அந்தக் கறுப்புத் தீங்கல்ல. துருவை ஓரளவுக்குத் தடுக்கவும் செய்யும். செம்மஞ்சள் நிறமான துருவே அலகைத் தின்பது.

துருப்பிடிக்காத உருக்கு: இதில் நூற்றுக்கு 11 பங்குக்கு மேல் குரோமியம் சேர்ந்திருக்கும். உப்புக் காற்றையும் ஈரத்தையும் நன்றாகத் தாங்கும். நல்ல தரமானதாயின் கூரும் நிற்கும். மலிவானதோ மென்மையாக இருக்கும், கூர் உடனே மழுங்கும். பெயர் அப்படியிருந்தாலும் உப்பு நீரில் ஊறவிட்டால் இதிலும் புள்ளித்துரு விழும்.

கடலோரத்தில் வாழ்ந்து மீனும் வெட்டுவோருக்குத் துருப்பிடிக்காத உருக்கு உகந்தது. உள்நிலத்தில் தோட்டம் செய்து, நாளாந்தம் கத்தியைத் துடைத்து வைக்கும் பழக்கம் உள்ளோருக்குக் காபன் உருக்குச் சிறந்தது. கத்தியைத் துடைக்கும் பழக்கமே இல்லாத வீட்டில் காபன் உருக்கு வீண்.

5. பிடியின் பொருள்

பிடிக்கு மூன்று கடமைகள் உண்டு: ஈரக் கையில் வழுக்கக் கூடாது, வெயிலிலும் மழையிலும் சுருங்கி வெடிக்கக் கூடாது, ஆணியைத் தளரவிடக் கூடாது.

மரம்: பிடிப்பதற்கு இதமானது, பழுதானால் வீட்டிலேயே மாற்றலாம். அடர்த்தியான, நன்கு உலர்ந்த மரமே வேண்டும். பச்சை மரம் உலரும்போது சுருங்கி ஆணியைத் தளரவிடும். சுவிற்சர்லாந்துப் படைவீரரின் முதற் கத்திகளுக்கு ஓக் மரப்பிடி போட்டார்கள். ஓப்பினெல் கத்திக்குப் பெரும்பாலும் பீச் மரம். நனைந்தால் அது ஊதி அலகைத் திறக்கவிடாது, உலர்ந்ததும் சரியாகும். மர வேலைக்குப் பெயர்பெற்ற நம் நாட்டு மரங்களுள் கருங்காலி மிக இறுகியது. ஆனால் அனுமதியின்றி அதனை வெட்டுவது குற்றம். முதிரை மரத்தின் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பையும் கொப்புளத்தையும் உண்டாக்கும். அரத்தால் தேய்க்கும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். பழைய கதவுநிலையிலோ தளவாடத்திலோ மிஞ்சிய வைரம் பாய்ந்த துண்டு, புதிதாக வெட்டிய மரத்தைவிட நல்லது. அது பல ஆண்டுகளாக உலர்ந்தது.

எலும்பு: மாட்டின் கால் எலும்பைக் கொதிக்க வைத்துக் கொழுப்பு நீக்கி, சாயமேற்றி, மேற்பரப்பில் குழிகள் கொத்திச் செய்வார்கள். அக்குழிகளே கை வழுக்காமல் காக்கின்றன. அழகானது, கடினமானது. கல்லில் விழுந்தால் வெடிக்கும். கடும் வெயிலில் கிடந்தாலும் ஆணியோரத்தில் கீறல் விடும்.

மாட்டுக் கொம்பு: சூடாக்கி அழுத்தித் தட்டையாக்கலாம் என்பதால் பழங்காலம் முதல் பாவிக்கப்படுகின்றது. நம் நகத்தைப் போன்ற பொருளே கொம்பு. நீரை உறிஞ்சி ஊதும்; உலர்ந்தால் சுருங்கி வளையும்; நீண்ட நாள் பெட்டியில் கிடந்தால் பூச்சியும் அரிக்கும். ஈரத்தில் உழைப்போருக்கு உகந்ததன்று.

மரைக்கொம்பும் யானைத்தந்தமும்: ஒரு காலத்தில் ஷெபீல்ட் கத்திகளுக்கு மரைக்கொம்பு இந்தியாவிலிருந்து போனது. 1865 ஏப்ரல் 14 இரவு சுடப்பட்ட அமெரிக்க சனாதிபதி ஆபிரகாம் லிங்கனின் சட்டைப் பையில் மூக்குக்கண்ணாடிகளோடும் கைக்குட்டையோடும் தந்தப்பிடி போட்ட ஒரு பேனைக்கத்தியும் இருந்தது. இன்று இவை நமக்குரியவை அல்ல. நம் நாட்டில் மரையும் யானையும் 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்பட்டவை. காட்டில் கண்டெடுத்த கொம்பாயினும் பிடி போடுவதற்கென்று எடுத்துவராதீர்கள்.

செயற்கைப் பொருள்கள்: பழைய கத்திகளில் செலுலொயிட் பிடியைக் காணலாம். அது எளிதில் தீப்பற்றும். பழுதாகும்போது அதிலிருந்து வெளிவரும் ஆவி பக்கத்திலுள்ள அலகையும் துருப்பிடிக்கச் செய்யும். 1960களிலிருந்து வந்த டெல்ரின் போன்ற பிளாஸ்ரிக் உறுதியானது, நீரை உறிஞ்சாது, எலும்பைப் போலவே தோற்றமளிக்கும். துணி அடுக்குகளைப் பிசினில் தோய்த்து அழுத்திச் செய்யும் மைக்காட்டா ஈரக் கையிலும் வழுக்காது. நாளெல்லாம் நீரிலும் சேற்றிலும் நிற்பவருக்கு இவையே பொருத்தம். பிளாஸ்ரிக் என்றதும் தாழ்வாக எண்ணவேண்டாம். ஆனால் மினுமினுப்பாகத் தேய்க்கப்பட்ட பிளாஸ்ரிக் பிடி மீன் செதிலிலும் சவர்க்கார நீரிலும் வழுக்கும். வரியோ குழியோ உள்ளதைத் தேடுங்கள்.

உலோகப் பிடி: மெல்லிய தகட்டை மடித்துச் செய்த பிடி மலிவானது, உடையாது. வெயிலில் சுடும், ஈரத்தில் வழுக்கும். நாளில் இரண்டொரு முறை மட்டும் எடுக்கும் கத்திக்குப் போதுமானது.

6. வாங்குமுன் ஐந்து சோதனைகள்

(அ) அலகைத் திறந்து, நுனியை இரு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் வேண்டாம்.

(ஆ) மெல்லத் திறந்து மெல்ல மடியுங்கள். வில் தெளிவாக இழுத்துப் பிடிக்கவேண்டும். தானே விழும் அலகும், நகம் பிய்ந்துபோகுமளவுக்கு இறுகிய அலகும் ஆகாதவை.

(இ) கத்தியை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். வில்லுக்கும் தகட்டுக்கும் இடையே வெளிச்சம் தெரிந்தால் அங்கே மண்ணும் நீரும் புகும்.

(ஈ) மடித்த நிலையில் அலகு நடுவில் நிற்கின்றதா, நுனி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கின்றதா என்று பாருங்கள். நீட்டிய நுனி மடியைக் கிழித்துக் காலையும் கீறும்.

(உ) பிடியின் விளிம்பை விரலால் தடவுங்கள். தகட்டுக்கும் பிடிக்கும் இடையே நகம் மாட்டினால் வேலை நேர்த்தியில்லை.

பல அலகுகள் இருந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியே திறந்து சோதியுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. கொடுப்பது உங்கள் கூலி.

7. பராமரிப்பும் பாதுகாப்பும்

தீட்டும்போது அலகைக் கல்லின் மேல் தட்டையாக வைத்து, பின் அலகின் அகலத்தில் மூன்றிலொரு பங்கு உயரத்துக்கு முதுகை உயர்த்துங்கள். அது ஏறக்குறைய 20 பாகைச் சரிவு. அந்தச் சரிவு மாறாமல், ஒரு பக்கத்தைத் தேய்க்கும்போது மற்றப் பக்கத்தில் மெல்லிய பிசிறு விரலுக்குத் தட்டுப்படும்வரை தேய்த்து, பின் பக்கத்தை மாற்றுங்கள். கடைசியில் பழைய தோல்வாரில் அலகைப் பின்னோக்கி இழுத்தால் பிசிறு நீங்கும். ஒட்டு அலகு மட்டும் விலக்கு: அதன் தட்டையான பக்கத்தை உயர்த்தாமல் கல்லில் படுக்க வைத்தே பிசிறை நீக்கவேண்டும். மின்சாணையில் கொடுத்தால் அலகு சூடேறிப் பதம் இழந்துபோகலாம்.

அலகு சுழலும் இடத்தில் மாதம் ஒரு துளி தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள். உணவு வெட்டும் அலகில் தேங்காய் எண்ணெய் மெல்லப் பூசலாம். நல்லெண்ணெய் நாளடைவில் பிசின்போல் ஒட்டும். கத்தியைத் தோலுறைக்குள் வைத்துப் பெட்டியில் மூடாதீர்கள். தோல் ஈரத்தை இழுத்து அலகுக்குத் துருவையும் பித்தளைக்குப் பச்சைக் களிம்பையும் கொடுக்கும்.

பிடி உடைந்தால் கத்தியை எறியவேண்டியதில்லை. பழைய துண்டை அளவாக வைத்து உலர்ந்த மரத்தில் புதிதாக வெட்டி, துளையிட்டு, பித்தளைக் கம்பியால் தறையலாம். துளை கம்பியைவிட மயிரிழையளவு பெரிதாக இருக்கட்டும். சிறு சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். ஓங்கி அடித்தால் மரம் பிளக்கும். ஊரில் கொல்லன் பட்டறை இருந்தால் அங்கே ஒருமுறை பார்த்துப் பழகிக்கொள்வது நல்லது.

வெட்டும் திசை எப்போதும் உடம்புக்கு அப்பால் இருக்கட்டும். கிளிமூக்கு அலகைத் தன்பக்கம் இழுக்க நேர்ந்தால் மற்றக் கை அலகின் பாதையில் நிற்கக் கூடாது. திறந்த கத்தியோடு நடக்காதீர்கள். கைமாற்றும்போது மடித்துக் கொடுங்கள். வெட்டுப்பட்டால் ஓடும் நீரிலும் சவர்க்காரத்திலும் காயத்தைக் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மண்ணும் சாணமும் பட்ட அலகின் காயம் சிறிதாயினும் ஏற்புவலி தடுப்பூசி பற்றிக் கேட்கத் தவறவேண்டாம். பாடசாலை, நீதிமன்றம், பொதுக்கூட்டம் ஆகிய இடங்களுக்குக் கத்தியை மடியில் கொண்டு போகாதீர்கள். அது கருவி என்பது உங்களுக்குத் தெரியும், பார்ப்பவருக்குத் தெரியாது.

8. தெரிவு செய்யும் முறை

மேற்கூறியவற்றைச் சுருக்கினால் வழி இதுவே. முதலில் ஒரு கிழமை முழுவதும் கத்தி தேவைப்பட்ட வேலைகளைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மனைவியும் பிள்ளைகளும் செய்யும் வேலைகளும் அதில் சேரவேண்டும். பல வீடுகளில் கத்தியை அதிகம் பாவிப்பவர் அதை வாங்கியவர் அல்லர். குறிப்பில் மிகுதியாக வரும் இரண்டு வேலைகளே அலகைத் தீர்மானிக்கட்டும். எப்போதோ ஒருமுறை வரும் வேலைக்கு அயலவரின் கருவி போதும்.

வெங்காயமும் மிளகாயும் செய்யும் குடும்பத்துக்குக் காபன் உருக்கில் அகன்ற ஓரலகு, மரப்பிடி. ஆடு மாடு வைத்திருக்கும் குடும்பத்துக்குக் கூர்மூக்கும் ஆட்டுக்குளம்பும் சேர்ந்த ஈரலகு அல்லது மூவலகு, குழியுள்ள பிளாஸ்ரிக் பிடி. கரையோரத்தில் தோட்டமும் கடலும் சேர்ந்த வாழ்வுக்குத் துருப்பிடிக்காத உருக்கு, நீர் உறிஞ்சாத பிடி. ஒட்டுக்கன்று செய்வோருக்கு எளிய ஓரலகுக் கத்தியோடு தனியாக ஓர் ஒட்டுக் கத்தி.

கலந்துரையாடலுக்கு

1. உங்கள் குழுவில் உள்ளோரின் கத்திகளை ஓரிடத்தில் வைத்து ஐந்து சோதனைகளையும் செய்து பாருங்கள். எத்தனை தேறின? தேறாதவற்றுள் திருத்தக்கூடியவை எவை?

2. உங்கள் வீட்டில் கத்தியை அதிகம் பாவிப்பவர் யார்? அவருடைய கை அளவுக்கும் வேலைக்கும் அக்கத்தி பொருந்துகின்றதா?

3. நல்ல தீட்டுக்கல், சிறு சுத்தியல், துளைகருவி ஆகியவற்றைப் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து பொதுவாக வாங்கினால் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு செலவாகும்? அவற்றை யார் பொறுப்பில் வைக்கலாம்?

4. ஒட்டுக்கன்று செய்யப் பழக விரும்புவோர் உங்களுள் எத்தனை பேர்? உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை அழைத்து, ஒட்டுக் கத்தியைக் கையாளும் முறையை நேரிற் காட்டும்படி கேட்கலாமா? அதற்கு நாள் குறியுங்கள்.